ஸ்கூல் நர்ஸிடமிருந்து போன் வந்தால்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கப் பள்ளிகளில் ஃபால், அதாவது இலையுதிர்காலப் பருவம் தொடங்கிவிட்டது. இனி டிசம்பர் விடுமுறை வரை காய்ச்சல், பேன், படிவம், ஊசி என்று ஏதாவது ஒன்றுக்காகப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கும். அங்கே வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஜூலையில் மதுரையிலிருந்து வந்தோம். ஐந்து வயது மகளைக் கிண்டர்கார்டனில் சேர்த்திருக்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாத் தடுப்பூசியும் போட்டு அட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஆனால் 'போலியோ, எம்.எம்.ஆர். பாக்கி' என்று பள்ளியிலிருந்து கடிதம். போட்ட ஊசியைப் போடவில்லை என்றால் என்ன அர்த்தம்?
– வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

உங்கள் அட்டையை யாரும் சந்தேகப்படவில்லை. கணக்குப் பார்க்கும் விதிதான் வேறு.

முதலில் எம்.எம்.ஆர்., அதாவது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி. நம் அரசுத் திட்டத்தில் ஒன்பதாவது மாதத்தில் முதல் ஊசி போடுவார்கள். அமெரிக்காவில் முதல் பிறந்த நாளுக்கு முன் போட்டது கணக்கில் சேராது. அதோடு, அரசு மையத்தில் போடுவது எம்.ஆர்., அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை. எனவே ஒன்றரை வயதில் போட்ட இரண்டாவது ஊசியும் முழுசாக எடுபடாது.

போலியோவில் இன்னொரு சிக்கல். 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகைக் கிருமி நீக்கப்பட்டது. மூன்று வகைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதால், 2016 ஏப்ரல் 1 முதல் கொடுத்த சொட்டு மருந்தை அமெரிக்காவில் எண்ணுவதில்லை. தோலுக்குள் சிறு அளவில் போடும் போலியோ ஊசிக்கும் இதே கதி. தனியார் மருத்துவமனையில் முழு அளவு ஊசி போட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கடிதத்தில் இல்லாவிட்டாலும் ஹெபடைடிஸ்-பி-யையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி ஊசி குழந்தைக்கு 24 வாரம் நிறைந்தபின் போட்டிருக்க வேண்டும். நம் திட்டத்தில் அது 14-வது வாரத்தோடு முடிந்துவிடும். அம்மை ஊசி (சிக்கன் பாக்ஸ்) அரசுத் திட்டத்தில் கிடையாது, அதுவும் தேவைப்படும். ஐந்து வயது டி.பி.டி. பூஸ்டர் போடாமல் கிளம்பி வந்திருந்தால் அதுவும் சேரும்.

இத்தனையையும் ஒரே நாளில் போட்டு முடிக்க முடியாது. எம்.எம்.ஆரும் அம்மை ஊசியும் உயிருள்ள கிருமி கொண்டவை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். ஒன்றை விட்டுவிட்டால் அடுத்ததற்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே முதல் சந்திப்பிலேயே இரண்டையும் கேளுங்கள். போலியோவுக்கு உங்கள் மகள் வயதில் மூன்று ஊசி: முதல் இரண்டுக்கு இடையே நான்கு வாரம், மூன்றாவதுக்கு ஆறு மாதம். மொத்தம் ஏழு மாதம் இழுக்கும். அதற்காகப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்க வேண்டியதில்லை. ஊசிகளைத் தொடங்கி, அடுத்த தேதியையும் காட்டினால் தற்காலிகச் சேர்க்கை தரும் வழி பல மாநிலங்களில் உண்டு. தேதி தவறினால் அந்தச் சலுகை போய்விடும்.

அட்டையைக் கொடுக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். 04/09/2021 என்று இருந்தால் நமக்கு அது செப்டம்பர் 4, இங்கே ஏப்ரல் 9. பிறந்த தேதிக்கு முன்னாலேயே ஊசி போட்டதுபோல் கணினி காட்டி, மொத்தப் பதிவும் தள்ளுபடியாவது இப்படித்தான். தனித்தாளில் மாதத்தை எழுத்தில் எழுதி, குழந்தை டாக்டரிடம் கொடுத்து, மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். காப்பீடு இன்னும் தொடங்கவில்லை என்றால் கவுண்டி சுகாதாரத் துறையிடம் 'வேக்ஸின்ஸ் ஃபார் சில்ட்ரன்' திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். காப்பீடு இல்லாத, 19 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதில் மருந்துக்குக் காசில்லை. ஊசி போடுவதற்குச் சிறு கட்டணம் கேட்கலாம்.

காசநோய்ப் பரிசோதனையும் கேட்டால், கையில் குத்திப் பார்க்கும் சோதனைக்குப் பதில் ரத்தப் பரிசோதனை போதுமா என்று கேளுங்கள். பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியால் கையில் தடிப்பு வந்து, நோய் இருப்பதுபோல் காட்டலாம். ரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை.

காலையில் லேசாக உடம்பு சுட்டது. பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினோம். பதினொரு மணிக்கே அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். மறுநாளும் வரக்கூடாதாம். இது கொஞ்சம் அதிகமில்லையா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

இல்லை. ஒரு வேளை மருந்து நான்கிலிருந்து ஆறு மணி நேரம்தான் தாங்கும். ஏழு மணிக்குக் கொடுத்தால் பதினொன்றுக்குக் காய்ச்சல் திரும்பும், அதற்குள் பிள்ளை வகுப்பில் பாதிப்பேர் மேல் இருமியிருப்பான். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் காய்ச்சல் என்று கணக்கு. மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்து, மற்ற தொல்லைகளும் குறைந்தபின்தான் பள்ளி. செவ்வாய் இரவு ஒன்பதுக்குக் கடைசியாகக் காய்ச்சல் இருந்தது என்றால், புதன் முழுவதும் வீடு, வியாழன் காலை பள்ளி. தொண்டையில் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாத் தொற்று என்று உறுதியானால் காய்ச்சல் விட்டிருப்பதோடு, ஆன்டிபயாடிக் தொடங்கி 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சில பள்ளிகள் 24 கேட்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த சிரப்பா கொடுத்தீர்கள்? பாரசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசெட்டமினோஃபென் என்று பெயர். இங்கே குழந்தைகள் சிரப்பில் 5 மி.லி.க்கு 160 மி.கி. இந்தியாவில் 120 உண்டு, 250 உண்டு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அமெரிக்கப் பாட்டிலில் 7.5 மி.லி., அதாவது 240 மி.கி. அதே 7.5 மி.லி.யை நம் 250 பாட்டிலிலிருந்து ஊற்றினால் 375 மி.கி. போய்விடும், அந்த எடைக்கு மேல்வரம்பு ஒரு வேளைக்கு 300. பாட்டில் ஒரு நாட்டுடையது, அளவு அட்டவணை இன்னொரு நாட்டுடையது என்று கலக்காதீர்கள். சமையலறை ஸ்பூனும் வேண்டாம். மருந்தோடு வரும் சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வேளைக்கு மேல் கூடாது. சளி, இருமல், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் என்று விற்கும் கலவை மருந்துகளிலும் இதே பொருள் இருக்கக்கூடும், லேபிளைப் படியுங்கள். டிஸ்பிரின் ஆஸ்பிரின்தான். ஃப்ளூ, அம்மை உள்ள பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் ரேய் நோய் என்ற, மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து உண்டு; வீட்டில் பிள்ளைகள் கைக்கும் உங்கள் அவசரத்துக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மகள் தலையில் பேன் இருப்பதாக நர்ஸ் சொன்னார். வீட்டுக்கு அனுப்பவும் இல்லை! மருந்து போட்டும் பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. தினமும் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னித்தான் அனுப்புகிறேன்.
– வாசகி, கேரி, வட கரோலினா

அந்த எண்ணெய்தான் காரணமாக இருக்கலாம். கடையில் கிடைக்கும் ஒரு சதவீத பெர்மெத்ரின், எண்ணெயோ கண்டிஷனரோ இருக்கும் முடியில் ஒட்டாது. கண்டிஷனர் சேராத ஷாம்பு போட்டு அலசி, துண்டால் துவட்டி, ஈரம் லேசாக இருக்கும்போது மருந்தைத் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து அலசிவிடலாம். அடுத்த இரண்டு நாள் தலைக்குக் குளிக்க வேண்டாம். மருந்து பேனைத்தான் கொல்லும், ஈரை முழுசாகக் கொல்லாது. அது பொரிந்து வரும் குஞ்சு பெரிதாகி மறுபடி முட்டையிடுமுன் இரண்டாம் முறை போட வேண்டும். ஒன்பதாவது நாள் சரியான நாள். அதை விட்டதால்தான் பத்து நாளில் 'திரும்ப' வந்ததுபோல் தெரிகிறது. உண்மையில் போகவே இல்லை. இடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பேன் சீப்பால் ஈர முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து வாருங்கள்.

தலையோட்டிலிருந்து கால் அங்குலத்துக்கு மேல் தள்ளி ஒட்டியிருக்கும் ஈர் பெரும்பாலும் வெறும் கூடுதான். தலையணை உறையையும் மருந்து போடுவதற்கு முந்திய இரண்டு நாளில் உடுத்திய துணியையும் 130 டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் துவைத்து, டிரையரில் அதிகச் சூட்டில் போட்டால் போதும். வீடு முழுக்க மருந்தடிக்கும் வேலை வீண். பேன் குதிக்காது, பறக்காது. தலையை விட்டு விழுந்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. அதனால்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அகாதமி சொல்கிறது. நர்ஸ் செய்தது சரி.

மகனின் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு எள், கொட்டை ஒவ்வாமை. நிலக்கடலை அனுப்புவதில்லை என்பதால் எங்களுக்குச் சிக்கல் இல்லை அல்லவா?
– வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

இருக்கிறது. இட்லிப் பொடியில் எள், அதைக் குழைத்த நல்லெண்ணெயும் எள். பொங்கலிலும் பாயசத்திலும் முந்திரி. எள் சாதம், சில வீட்டுப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாவற்றையும் ஒருமுறை யோசியுங்கள். கடையில் வாங்கும் பொருள்களில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் ஒவ்வாமைப் பொருளாக லேபிளில் போட வேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் எட்டுப் பொருள்களே அந்தப் பட்டியலில் இருந்தன. அந்த வகுப்புக்குப் பொடி இட்லிக்குப் பதில், நெய் தடவிய இட்லி அனுப்பலாம். தீபாவளிக்கு வகுப்பில் கொடுக்கக் காஜு கத்லி கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டில் செய்த பலகாரத்தைப் பல பள்ளிகள் வாங்குவதே இல்லை. பென்சில், ஸ்டிக்கர் பாதுகாப்பான பரிசு.

தயிர்சாதம் அனுப்புகிறவர்களுக்கு: 40 டிகிரிக்கும் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் இடையே உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. சோற்றில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் விஷம் மறுபடி சுடவைத்தாலும் போகாது. ஐஸ் பேக் வையுங்கள். சாம்பார்சாதம் என்றால் தெர்மாஸில் முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சாதத்தைப் போடுங்கள். குளிர்ந்த எஃகு உள்பக்கம்தான் சூட்டை முதலில் தின்றுவிடுகிறது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் மகனுக்கு வீசிங். ஊரில் ஆஸ்தாலின் கொடுப்போம். இங்கே பள்ளிக்கு எடுத்துப்போக விடமாட்டேன் என்கிறார்கள்.
– வாசகி, ஃபிரீமான்ட், கலிஃபோர்னியா

செப்டம்பரில் வருவது தற்செயல் இல்லை. பள்ளி திறந்ததும் சளிக் கிருமிகள் பரவுகின்றன. மகரந்தமும் பூஞ்சையும் சேர்ந்துகொள்கின்றன. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், கோடை விடுமுறையில் நிறுத்திவிடாமல் தொடர வேண்டும். ஆகஸ்டு தொடக்கத்தில் டாக்டரைப் பாருங்கள்.

ஆஸ்தாலின் என்பது சால்பியூட்டமால்; இங்கே அதன் பெயர் அல்பியூட்டரால். மருந்து ஒன்றுதான். பள்ளிக்கு வேண்டியது, இங்குள்ள மருந்துக்கடை லேபிள் ஒட்டிய இன்ஹேலர், டாக்டரும் பெற்றோரும் கையெழுத்திட்ட படிவம், பச்சை–மஞ்சள்–சிவப்பு எனப் பிரித்த ஆஸ்துமா திட்டத்தாள். பிள்ளையே பையில் வைத்துக்கொள்ள ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் படிவம் வேண்டும். பள்ளிக்கென்று இரண்டாவது இன்ஹேலரும், அதன் வாயில் மாட்டும் குழாயான ஸ்பேசரும் எழுதித்தரக் கேளுங்கள்.

ஸ்பேசர் இல்லாமல் அடித்தால் மருந்து பெரும்பாலும் தொண்டையில் படிந்துவிடும். நன்றாகக் குலுக்கி, ஒரு முறை அழுத்தி, மெதுவாக உள்ளிழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். அடுத்த அழுத்தலுக்கு ஒரு நிமிடம் விட்டு, மறுபடி குலுக்குங்கள். பல நாள் தொடாமல் கிடந்த இன்ஹேலரை முதலில் காற்றில் சில முறை அடித்துவிட வேண்டும்; எத்தனை முறை என்பது உறையிலேயே இருக்கும்.

பையனுக்கு ஆறு வயது. இதுவரை ஃப்ளூ ஊசி போட்டதில்லை. பள்ளியில் நடக்கும் முகாமில் ஒன்று போட்டால் போதுமா?
– வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

போதாது. ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை, முதன்முறை போடும் பிள்ளைக்கு இரண்டு ஊசி வேண்டும், இடையே குறைந்தது நான்கு வாரம். எதிர்ப்புச் சக்தி வர மேலும் இரண்டு வாரம். அக்டோபர் முடிவுக்குள் இரண்டும் முடியவேண்டும் என்றால் செப்டம்பரிலேயே தொடங்குங்கள். முகாம் ஒரு தடவைதான் வரும். இரண்டாவதற்கு டாக்டரிடம் இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள்.

மெட்ராஸ் ஐ வந்தால் எத்தனை நாள் வீட்டில்?
– வாசகி, அட்லாண்டா, ஜார்ஜியா

காய்ச்சலோ கண்வலியோ பார்வை மங்கலோ இல்லையென்றால் பள்ளிக்குப் போகலாம் என்பதே இப்போதைய மருத்துவ நிலைப்பாடு. ஆனால் சில பள்ளிகள் டாக்டர் கடிதம் கேட்கும். முதலில் நர்ஸைக் கேளுங்கள்.

டிசம்பர் விடுமுறையோடு இரண்டு வாரம் சேர்த்துத் திருச்சி போய்வர டிக்கெட் எடுத்துவிட்டோம். படிப்பில் கெட்டிக்காரி, அதனால் பிரச்சினை வராதே?
– வாசகர், பெல்வியூ, வாஷிங்டன்

மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பள்ளி நாட்களில் பத்து சதவீதம் வராமலிருந்தால் 'தொடர் வருகையின்மை' என்று கணக்கு. ஆண்டுக்கு 180 நாள் என்றால் 18. உங்கள் இரண்டு வாரம் பத்து நாள். ஃபாலில் காய்ச்சலுக்கு நாலு நாள் போயிருந்தால், வசந்தத்துக்கு மிச்சம் மிகக் குறைவு. டாக்டர் கடிதம் இருந்தாலும் அந்த நாள் இந்தப் பத்து சதவீதத்தில் சேரும். நீண்ட நாள் வராவிட்டால் பெயரையே எடுத்துவிடும் மாவட்டங்களும் உண்டு. திரும்பியபின் புதிதாகச் சேர்க்க வேண்டிவரும். டிக்கெட்டைக் காட்டி, அலுவலகத்தில் முன்கூட்டி எழுத்தில் அனுமதி கேளுங்கள். வீட்டிலிருந்தே செய்யும் பாடத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

கிளம்ப நான்கு முதல் ஆறு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து டைபாய்டு ஊசி பற்றிக் கேளுங்கள்; அதைப் பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன் போட்டிருக்க வேண்டும். ஜனவரியில் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், இந்தியா போய்வந்ததை மருத்துவமனையில் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பெல்வியூவில் ஜனவரியில் காய்ச்சல் என்றால் அவர்களுக்கு ஃப்ளூதான் நினைவுக்கு வரும். டெங்கு, டைபாய்டு, மலேரியா எல்லாம் நீங்கள் சொன்னால்தான்.