எலி திருந்தத்தான் வேண்டுமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். ஏழு வயது மகளுக்காக ஒரு கிறிஸ்துமஸ் கதை எழுதினேன், இணைத்திருக்கிறேன். நாயகன் ஒரு எலி. வீட்டில் எல்லாரும் அதை விரட்டுகிறார்கள். அந்தக் கோபத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு மரத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்குச் சரத்தின் வயரைக் கடித்துவிடுகிறது. இருட்டில் அந்த வீட்டுச் சிறுமி அழுகிறாள். அதைப் பார்த்து எலி மனம் திருந்துகிறது, அப்பா வயரைச் சரிசெய்கிறார், எல்லாரும் எலியையும் சேர்த்துக்கொண்டு பாடுகிறார்கள். முதல் பாதிக்கு விழுந்து விழுந்து சிரித்த மகள், முடிவைக் கேட்டதும் "அவ்ளோதானா?" என்று எழுந்து போய்விட்டாள். எங்கே சறுக்கியது? யாருக்கும் பிடிக்காத ஒரு பாத்திரம் கிறிஸ்துமஸின் மகிழ்ச்சியைக் கண்டுகொள்கிற கதையை, நீதிபோதனை ஆகாமல் எழுதவே முடியாதா?

ம.

அன்புள்ள ம.,

கதையை இரண்டு முறை வாசித்தேன். முதல் பாதி எனக்கும் பிடித்தது. கடிப்பதற்கு முன் எலி மூன்று வயர்களையும் முகர்ந்து பார்த்து, பச்சைதான் ருசியாக இருக்கும் என்று முடிவுகட்டும் இடத்தில் சிரித்துவிட்டேன். ஆனால் அதே எலி அடுத்த பக்கத்தில் சிறுமியின் கண்ணீரைக் கண்டதும் பிரசங்கம் செய்ய ஆரம்பித்துவிடுகிறது. பச்சை வயரைத் தேர்ந்தெடுத்த எலி எங்கே போயிற்று? திருத்துகிறேன் என்று அதைக் கதையைவிட்டே அனுப்பிவிட்டீர்கள். குழந்தைக்கு அது பெரிய நஷ்டம்.

இந்த வகைக் கதை என்றதும் எல்லாருக்கும் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் ஸ்குரூஜ்தான் நினைவுக்கு வருவார். 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்த 'எ கிறிஸ்துமஸ் கேரல்' நாயகன், கடைந்தெடுத்த கஞ்சன். ஆவிகள் வந்து பயமுறுத்தியதால் திருந்தினார் என்று பலரும் சுருக்கிவிடுகிறார்கள். கதை ஓடுவதென்னவோ ஆவிகளால்தான். ஆனால் திருந்தியதை நம்பவைப்பவை கடைசி அத்தியாயத்தின் சின்னச் சின்ன இடங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஸ்குரூஜ் சீக்கிரமே அலுவலகத்துக்கு வந்து, குமாஸ்தா தாமதமாக வருவதைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருக்கிறார். குமாஸ்தா வருவது பதினெட்டரை நிமிடம் கழித்து. பழைய குரலிலேயே உறுமி, ஆளை நடுங்கவைத்து, அப்புறம்தான் சம்பளத்தை உயர்த்துவதாகச் சொல்கிறார். அரை நிமிடத்தையும் விடாமல் கணக்குப் பார்க்கிற அந்த மனிதர் அப்படியேதான் இருக்கிறார். இப்போது அந்தக் கணக்கு விளையாட்டுக்கு உதவுகிறது.

எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படும் இடம் அதற்கு முந்தைய நாள். ஸ்குரூஜ் தன் தங்கை மகனான மருமகன் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார். கதவைத் தட்டத் தைரியம் இல்லாமல், பத்துப் பன்னிரண்டு தடவை வாசலைக் கடந்து போய்த் திரும்பி வருகிறார். ஆவிகளையே பார்த்துவிட்டு வந்த ஆளுக்கு ஒரு கதவைத் தட்டப் பயம். இவர் எந்த நம்பிக்கையில் அங்கே போனார்? கதை தொடங்கும்போதே அந்த மருமகன் அலுவலகத்துக்கு வந்து சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். கடுகடுவென்று பேசித் துரத்தியும் முகம் சுளிக்காமல் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான். ஸ்குரூஜ் நல்லவர் ஆவதற்கு முன்பே அவருக்கு அந்த வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது. உங்கள் கதையில் எலிக்கு அப்படி ஓர் இடத்தை யாரும் வைக்கவில்லை. திருந்திய பிறகுதான் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல பிள்ளையாக இருந்தால் மிட்டாய் என்பது போன்ற பேரம் இது. போதனை வாடை அங்கிருந்துதான் வருகிறது.

சரி, எலியை ஏதாவது ஒரு விதத்தில் உபயோகப்படவைத்தால் ஆயிற்றே என்று தோன்றலாம். அந்த வழியில் ரொம்பப் புகழ்பெற்றது சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃபின் கதை. சிகாகோவின் மான்ட்கோமரி வார்ட் நிறுவனத்துக்காக 1939-இல் ராபர்ட் மே எழுதியது. கடைக்கு வந்த குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்த புத்தகம், அந்த ஆண்டிலேயே சுமார் 24 லட்சம் பிரதிகள் போயின. கேலி செய்யப்பட்ட மூக்கே பனிமூட்டத்தில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிக்கு விளக்காகிறது, அழகான கற்பனைதான். ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு: அன்றைக்குப் பனிமூட்டம் இல்லாமல் இருந்திருந்தால்? ருடால்ஃபைக் கடைசி வரை கேலிதானே செய்திருப்பார்கள்?

அதனால் உங்கள் எலி எதையும் சரிசெய்ய வேண்டாம் என்பேன். கிறிஸ்துமஸ் கதைகளில் எலிக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது, தெரியுமா? 'சைலன்ட் நைட்' பாடல் 1818 டிசம்பர் 24 இரவு, ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரின் தேவாலயத்தில் முதன்முதலில் கிதார் துணையோடு பாடப்பட்டது. தேவாலயத்தின் பெரிய காற்று வாத்தியமான ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவைத்ததால்தான் கிதார் வந்தது என்று பிற்பாடு ஒரு கதை கிளம்பியது. மெட்டமைத்த குரூபர் 1854-இல் எழுதிவைத்த குறிப்பில் எலியும் இல்லை, பழுதான ஆர்கனும் இல்லை. இருந்தாலும் எலிக் கதை ஜோராக உலவுகிறது. அந்தக் கதையிலும் எலி திருந்தவில்லை பாருங்கள், பசித்தது, கடித்தது, அவ்வளவுதான். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை, கொறிக்காமல் அதால் இருக்கவும் முடியாது. அதைக் குற்றமாக்கி மன்னிப்புக் கேட்கவைப்பது கொஞ்சம் அநியாயம்.

உங்கள் கதையிலேயே ஒரு வழி இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் சிறுமி, இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடிலை அமைக்கும்போது ஓர் ஆட்டுக்குட்டிப் பொம்மை உடைந்துபோகிறது, அந்த இடம் காலியாகிறது. அதோடு அதை மறந்துவிட்டீர்கள். அந்த இடத்தை அவள் எலிக்கென்று விட்டுவைக்கட்டும், வயர் கடிபடுவதற்கு முன்பே. எலி அதைப் பொறி என்று சந்தேகப்படும், சந்தேகப்படத்தானே செய்யும்? வைக்கோலை முகர்ந்துவிட்டு ஓடட்டும். வயரைக் கடித்த பிறகும் இடம் அப்படியே காலியாக இருப்பதைப் பார்த்துக் குழம்பட்டும். உள்ளே போகலாமா வேண்டாமா என்ற அந்த இழுபறிக்கு இரண்டு பக்கமாவது கொடுங்கள், கதையின் சாகசமே அதுதான். போனதும் முதல் வேலையாக வைக்கோலைக் கொறிக்கட்டும். கடைசிப் பாட்டையும், அன்பைப் பற்றிய மூன்று வரிகளையும் எடுத்துவிடலாம்.

இன்னொன்று. மின்சாரம் ஓடுகிற வயரைக் கடித்தால் எலி செத்துப்போகலாம், இந்தக் காலத்துக் குழந்தைகள் அதைக் கேட்டேவிடுவார்கள். விளக்கு ஏற்றும் முன்பே கடித்ததாக மாற்றுங்கள். எல்லாரும் கூடி நின்று சுவிட்சைப் போட, ஒன்றும் எரியாமல் போகும் காட்சி உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

அன்புடன்.