புதிதாக வருகிறவர் என்ன சொல்லி அறிமுகமாக வேண்டும்?

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். காரைக்குடியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி வருஷம் படிக்கிறேன். அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். நோயாளி விவரங்களைப் பதிந்துவைக்கும் ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற திறமூல (நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்) மருத்துவ மென்பொருள் குழுவில் சேர்ந்து, என்னை அறிமுகப்படுத்தி எழுதினேன். இரண்டு பேர் ‘வருக’ என்றார்கள். மூன்று வாரமாகியும் யாரும் வேலை எதுவும் தரவில்லை. என் ஆங்கிலம் சுமார்தான். நான் எழுதியதில் என்ன தப்பு?

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த அறிமுகத்தைப் படித்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், நான் இறுதியாண்டு மாணவி. ஜாவா, பைத்தான் தெரியும். இந்தக் குழுவுக்குப் பங்களிக்க மிகுந்த ஆர்வமாக இருக்கிறேன். தயவுசெய்து வழிகாட்டுங்கள்.’ இதில் தப்பான வரி என்று எதுவும் இல்லை. ஆனால் படிக்கிறவர் உங்களிடம் திருப்பிக் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. ‘வருக’ என்று மட்டும்தான் அவர்களால் சொல்ல முடிந்தது, சொல்லிவிட்டார்கள்.

நம் பக்கத்து வீடுகளில் புது ஆள் ஒருவர் வந்து முகப்பில் நின்றால் ஆச்சி முதலில் என்ன கேட்பார்? ‘எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?’ பள்ளத்தூர் என்றோ கானாடுகாத்தான் என்றோ சொன்னால் போதும். அந்த ஊரில் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்வார், வந்தவர் அதற்கு இரண்டு வீடு தள்ளி என்பார், பேச்சு தானாக ஓடும். ‘நான் நல்ல பிள்ளை, உங்களுக்கு உதவ ஆசையாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றால், உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார். அதற்கு மேல் அவரும் என்ன பேசுவார்? உங்கள் அறிமுகத்துக்குக் கிடைத்தது அந்த மோர்தான்.

இந்தக் குழுவில் உங்கள் ‘ஊர்’ எது தெரியுமா? உங்கள் அம்மா வேலை பார்க்கும் சுகாதார நிலையம். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் விட்டுவிட்டீர்கள். ஜாவா தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் காலை ஒன்பது மணிக்கு என்ன நடக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் குறைவு. இந்த மென்பொருள் பிறந்த விதமே அப்படித்தான். அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனமும் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பும் கைகோத்து 2004-ல் தொடங்கினார்கள். 2006-ல் கென்யாவின் எல்டோரெட் நகரில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. தொடங்கியவர்களில் பர்க் மாம்லினும் பால் பியாண்டிச்சும் டாக்டர்கள். காகிதப் பதிவேட்டோடு மல்லுக்கட்டியவர்கள் கட்டிய மென்பொருள் என்பதால், வார்டும் கவுன்ட்டரும் தெரிந்த ஒருவர் வந்தால் அங்கே காது கொடுத்துக் கேட்பார்கள்.

சரி, இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அறிமுகத்தைத் திருத்துவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அந்த மென்பொருளோடு உட்காருங்கள். யார் வேண்டுமானாலும் நுழைந்து பார்க்கும்படி ஒரு மாதிரித் தளம் வைத்திருக்கிறார்கள். அதில் கற்பனையாக ஒரு நோயாளியைப் பதியுங்கள். பெயர் மெ. வள்ளியம்மை, வயது எழுபதுக்கு மேல், பிறந்த தேதி தெரியாது. நம் ஊர் ஓ.பி.யில் தினமும் வருகிறவர்தான்.

பிறந்த தேதி தெரியாது என்பதற்கு அங்கே வழி இருக்கிறது. ‘தெரியாது’ என்று தேர்ந்தெடுத்து உத்தேச வயதைப் போட்டால் போதும், இது கணித்த தேதி என்ற குறிப்போடு சேமித்துக்கொள்ளும். ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் இதே நிலைமை என்பதால் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். பெயரில்தான் சிக்கல் வரும். முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று கட்டங்கள் இருக்கும். முதல் பெயர் வள்ளியம்மை, சரி. குடும்பப் பெயர்? நமக்கு அது கிடையாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பதிவு நகராது. ஒருவர் ‘மெ’ என்ற இனிஷியலைப் போடுவார். அடுத்த மாதம் வேறு ஒருவர் உட்கார்ந்தால் ‘மெய்யப்பன்’ என்று அப்பா பெயரை முழுதாகப் போடுவார். இன்னொருவர் கணவர் பெயரைப் போடுவார். வள்ளியம்மையை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒய் எழுத்தைச் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. ஒரே பாட்டிக்கு மூன்று பதிவு உருவாகிவிடும். சுகர் அளவு ஒன்றில், பிரஷர் இன்னொன்றில், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு மூன்றாவதில். நாலாவது மாதம் டாக்டர் திறந்து பார்ப்பது எந்தப் பதிவை?

செட்டிநாட்டில் இது இன்னும் ஒரு படி கூடும். தாத்தா பெயரைப் பேரனுக்கும் ஆயா பெயரைப் பேத்திக்கும் வைப்பதால் ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அதற்காகத்தான் பழைய கடைக் கணக்குகளில் குடும்பத்து முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்து ‘விலாசம்’ என்று வைத்துக்கொண்டார்கள். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: சுகர் மாத்திரை வாங்க வருகிறவர்களில் ஒரே பெயர் உள்ள இரண்டு பேரை எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்கிறீர்கள்? தெருவா, வீட்டுப் பெயரா, போன் நம்பரா, முகமா? அவர் சொல்லும் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத தகவல். உங்கள் அறிமுகத்தின் நடுவில் இருக்க வேண்டியது அதுதான்.

இப்போது அறிமுகம் ஏறக்குறைய இப்படி வரும். எளிய ஆங்கிலத்தில் நீங்களே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

‘வணக்கம். தமிழ்நாட்டில் காரைக்குடியில் கணினி அறிவியல் கடைசி வருஷம் படிக்கிறேன். என் அம்மா கிராமத்து அரசு சுகாதார நிலையத்தில் நர்ஸ். எங்கள் பகுதியில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை; அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுவோம். மாதிரித் தளத்தில் ஒரு நோயாளியைப் பதிந்தபோது குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியவில்லை. இப்படிப்பட்ட ஊர்களில் மற்ற மருத்துவமனைகள் என்ன செய்கின்றன? முன்பே இதைப் பேசியிருந்தால் அந்த இடத்தைக் காட்டுங்கள். ஜாவா ஓரளவு தெரியும், ரியாக்ட் இப்போதுதான் படிக்கிறேன். வாரத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்க முடியும். நோயாளிப் பதிவுப் பகுதியில் ஒரு சின்ன வேலையில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.’

இதைப் படிக்கும் உகாண்டாக்காரருக்கும் பிகார்க்காரருக்கும் பதில் சொல்ல ஏதாவது இருக்கும். ‘எங்களிடமும் இதே கதைதான்’ என்று ஒருவர் எழுதினாலே உங்களுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

பைத்தானை எடுத்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். இந்த மென்பொருளின் சர்வர் பக்கம் ஜாவா. இப்போதைய புதிய திரைப் பகுதி ரியாக்டும் டைப்ஸ்கிரிப்டும். தெரிந்த எல்லாவற்றையும் பயோடேட்டா மாதிரி அடுக்கினால், இவர் இன்னும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. வாரத்துக்கு எவ்வளவு நேரம் என்பதையும் உண்மையாகவே எழுதுங்கள். செமஸ்டர் நேரத்தில் 5 மணி நேரமே அதிகம்.

‘யாரும் வேலை தரவில்லை’ என்று கேட்டிருந்தீர்கள். அங்கே வேலையை யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள், நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். புதியவர்களுக்கு ஏற்றது என்று அடையாளமிட்ட டிக்கெட்டுகள், அதாவது திருத்த வேண்டிய பிழை அல்லது செய்ய வேண்டிய வேலை பற்றிய குறிப்புகள், இருக்கும். ஒன்றைப் படித்து, அந்தப் பிழை உங்கள் கணினியிலும் வருகிறதா என்று பார்த்து, ‘இதை நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். பழைய லேப்டாப் என்றாலும் பயப்பட வேண்டாம். திரைப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் அந்த ஒரு பகுதியை மட்டும் தங்கள் கணினியில் ஓட்டி, சர்வருக்குக் குழுவின் சோதனைத் தளத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம். முடியவில்லை என்றால் பத்து நாளுக்குள் ‘விட்டுவிடுகிறேன்’ என்று எழுதிவிடுங்கள். நான் முதன்முதலில் எடுத்த டிக்கெட்டை, கூச்சப்பட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டு மாதம் வைத்திருந்தேன். அதற்காக வேறொரு மாணவர் காத்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

ஐயா, அம்மையீர் வேண்டாம். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு வாய் வராது, புரிகிறது. ஆனால் அங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள், அது மரியாதைக் குறைவாகாது. இன்னொன்று, தனிச் செய்தியில் ஒருவரைப் பிடித்துக் கேட்காமல் எல்லோரும் பார்க்கிற இடத்தில் கேளுங்கள். ஒருவர் பயணத்தில் இருந்தால் இன்னொருவர் பதில் சொல்வார், அடுத்து வருகிறவருக்கும் அது உதவும். கென்யா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் இருக்கும் பாஸ்டன் பருவத்தைப் பொறுத்து ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்னால். இரண்டு மூன்று நாள் பொறுத்துவிட்டு, அதே கேள்வியின் கீழ் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம்.

ஆங்கிலம் சுமார் என்பது தடையே இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். அங்கே எழுதுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி கிடையாது. அதோடு உங்கள் தமிழுக்கே அங்கே வேலை இருக்கிறது. திரையில் வரும் சொற்களை டிரான்ஸிஃபெக்ஸ் என்ற தளத்தின் வழியாக மொழிபெயர்க்கிறார்கள். அகராதியை வைத்துக்கொண்டு மட்டும் இந்த வேலையைச் செய்ய முடியாது. ‘என்கவுன்ட்டர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மென்பொருளில் அதற்கு, நோயாளியை ஒரு நர்ஸோ டாக்டரோ ஒருமுறை பார்த்துப் பதிவு செய்தது என்று பொருள். ஒரே நாள் வருகையில் பிரஷர் பார்த்தது ஒன்று, டாக்டர் பார்த்தது ஒன்று என்று பல இருக்கலாம். அதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் நம் ஆட்கள் போலீஸ் துப்பாக்கியைத்தான் நினைப்பார்கள். உங்கள் அம்மா நோட்டில் அந்த இடத்தில் என்ன எழுதுகிறார்? ‘பார்த்தது’ என்றா, ‘பரிசோதனை’ என்றா? அந்தச் சொல்லோடு போங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அம்மாவின் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பக்கம்கூட, ஒரு போட்டோகூட வெளியே போகக்கூடாது. பெயரை மறைத்திருந்தாலும் வேண்டாம். ஊர், வயது, நோய் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சின்னக் கிராமத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மாதிரித் தளத்திலும் நிஜ ஆட்களின் விவரத்தைப் போடாதீர்கள், அதை உலகமே பார்க்கலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம்மை நம்பி உடம்பைக் காட்டியவர்கள் அவர்கள். அம்மாவின் வேலைக்கும் பங்கம் வந்துவிடும். வேலை நடக்கும் முறையை எழுதலாம், நோயாளிகளை எழுதக்கூடாது. உங்கள் போன் நம்பரையும் போட வேண்டாம்.

புதியவர்கள் திறமூல மென்பொருளில் வேலை செய்ய உதவித்தொகை தரும் கூகுளின் கோடைக்காலத் திட்டத்துக்காக (சம்மர் ஆஃப் கோட்) சேர்ந்திருந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஓப்பன்எம்ஆர்எஸ் 2007 முதல் அதில் பங்கெடுத்து வருகிறது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விண்ணப்ப நேரத்தில் அறிமுகங்கள் குவியும், அதற்கு முன்பே இரண்டு சின்ன டிக்கெட்டாவது முடித்திருப்பது நல்லது.

நம் நாட்டு மருத்துவமனைகளோடு நெருக்கமாக வேலை செய்ய விருப்பம் என்றால் பாம்னி என்ற மருத்துவமனை மென்பொருளைப் பாருங்கள். ஓப்பன்எம்ஆர்எஸ்ஸை அடித்தளமாக வைத்து, சத்தீஸ்கரில் கனியாரி கிராமத்து மருத்துவமனையின் தேவைக்காக உருவானது அது. லேப், பில் எல்லாம் சேர்ந்தே வரும். ஆனால் இரண்டு குழுவிலும் ஒரே சமயத்தில் கால் வைக்க வேண்டாம்.

பழைய அறிமுகத்தை அழிக்கத் தேவையில்லை. அதன் கீழேயே, ‘மூன்று வாரம் முன்பு வந்தேன், அதற்குப் பிறகு இதைப் பார்த்தேன்’ என்று தொடங்கிப் புதியதை எழுதுங்கள். ‘வருக’ என்று சொன்ன இருவருக்கும் அது போய்ச் சேரும்.