கேளுங்கள் அக்கா: மருந்து முடித்தவரைக் கூட்டத்தில் பேசக் கூப்பிடலாமா?

கேள்வி: எங்கள் மாதர் சங்கம் தொழுநோய் பற்றி ஒரு கூட்டம் வைக்கப்போகிறது. ஊரில் ஒருவர் போன வருடம் மருந்து முடித்தவர். அவரைப் பேசக் கூப்பிடலாம் என்கிறார்கள் சிலர். அது அவரை அவமானப்படுத்துவது என்கிறார்கள் வேறு சிலர். பிள்ளைகளைக் கூட்டிவரவும் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, சாம்பல்தீவு, திருகோணமலை

பதில்: தங்கச்சி, பிள்ளைகளைத் தைரியமாகக் கூட்டிவரச் சொல்லுங்கள். மருந்து முடித்தவரிடமிருந்து இது தொற்றாது. சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பரப்பும் தன்மை போய்விடும். 6 மாதமோ 12 மாதமோ குளிசை, அதுவும் இலவசம்.

கூப்பிடலாமா என்று அவரைத் தவிர எல்லோரிடமும் கேட்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. அவரோடு நெருக்கமான ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போய்க் கதையுங்கள். பேச வருவீர்களா என்று தொடங்க வேண்டாம். கூட்டத்தில் என்னென்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று கேளுங்கள். மேடை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் அவர் சொன்னதை எழுதிக்கொண்டு வாருங்கள்.

நான் மூதூர்ப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்த காலத்தில், விரல்கள் மடங்கிப்போன கைகளின் படம் போட்ட சுவரொட்டிதான் எங்கும் இருந்தது. மருந்து முடித்த மீன்பிடிக்காரர் ஒருவர் சொன்னார்: “மிஸ்ஸி, இதைக் கழற்றுங்கோ. முதுகில ஒரு தேமலோட நிக்கிறவன் இதைப் பார்த்தா, எனக்கு இது இல்லை எண்டு போயிடுவான். நானும் அப்பிடித்தான் போனனான்.” வலைக்கயிறு கையை அறுத்தும் வலிக்காத பிறகுதான் அவர் கிளினிக்குக்கு வந்தார். வெளிறிய ஒரு படை, அரிப்பில்லை, தொட்டால் உணர்வில்லை: இதைக் காட்டுங்கோ என்றார். எத்தனை பயிற்சி வகுப்பிலும் எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

குளிசை எடுக்கும்போது தோல் கறுக்கும், சிறுநீர் சிவக்கும். “ஏன் இப்படிக் கறுத்துப்போனாய்?” என்று சொந்தக்காரர் கேட்பதற்குப் பயந்தே மருந்தை விட்டவர்கள் உண்டு. மருந்து முடிந்தபின் அந்தக் கறுப்பு மெல்ல மெல்லக் குறையும் என்று அதைக் கடந்து வந்தவர் சொன்னால்தான் நம்புவார்கள். இன்னொன்று: சிலருக்குத் திடீரென்று படை சிவந்து வீங்கும், நரம்பு வலிக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும், தாமதித்தால் கைகால் பாதிக்கப்படும்.

1995இல் இலங்கை இந்த நோயைப் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாகக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் வருடாவருடம் வந்துகொண்டிருந்தார்கள், அதில் பிள்ளைகளும் அடக்கம். மருந்துக்குக் குறைவில்லை. முன்பு தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த மட்டக்களப்பு மாந்தீவுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பழைய பயம்தான் இன்னும் எங்கள் பகுதியில் ஆட்களை ஒளிக்க வைக்கிறது. தமிழ்நாட்டின் பி.கே. கோபால் இந்த நோயிலிருந்து மீண்டவர். பாதிக்கப்பட்டவர்களே முன்னின்று நடத்தும் ‘ஐடியா’ அமைப்பை 1994இல் தொடங்கியவர்களில் ஒருவர். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் முன்னுக்கு வரலாம், இடம் கொடுத்தால்.

சரி, அவர் சம்மதித்தால் பெயர் சொல்வதா, படம் எடுப்பதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கூலிவேலையை விட்டு வந்தால் அன்றைய கூலியைச் சங்கக் காசில் கொடுங்கள். அப்புறம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முன்கூட்டியே அறிவித்து, தேமலைக் காட்ட வருகிறவர்களுக்கு மறைவான ஒரு அறையும் பெண்களைப் பார்க்க ஒரு பெண் உத்தியோகத்தரும் கேட்டு வையுங்கள்.