ஆங்கிலத்தில் நடத்திய நுண்ணறிவுத் தேர்வைக் காட்டி டி.சி. வாங்கச் சொல்லலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டாம் வகுப்பு வரை எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தான். இப்போது நகரத்திலுள்ள தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் நான்காம் வகுப்பு. கடைக்குப் போய்க் கணக்குப் பார்த்து மீதிச் சில்லறை வாங்கி வருவான். ஆனால் எழுதும்போது எழுத்துகள் இடம் மாறிவிடுகின்றன. எங்களிடம் சொல்லாமலே பள்ளியின் கவுன்சிலர் அவனை ஆங்கிலத்தில் சோதித்து, ஐ.க்யூ. 68 என்று எழுதிவிட்டார். சிறப்புப் பள்ளியில் சேர்க்கும்படியும், ‘சொந்த விருப்பத்தின் பேரில் டி.சி. கேட்கிறேன்’ என்று கடிதம் தரும்படியும் முதல்வர் வற்புறுத்துகிறார். அறிக்கையின் நகலைத் தரவில்லை. வகுப்பாசிரியர் மற்ற பெற்றோர் முன்னிலையில் இதைப் பேசியும் விட்டார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்தக் கடிதத்தை எக்காரணம் கொண்டும் எழுதித் தர வேண்டாம். நீங்களாகக் கேட்டு வாங்கியதாக எழுத்தில் வந்துவிட்டால், பள்ளி உங்கள் மகனை வெளியேற்றியது என்பதைப் பிறகு மெய்ப்பிப்பது மிகக் கடினம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வியை, அதாவது எட்டாம் வகுப்பை, முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019-இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டு, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்திவைக்க அரசுகளுக்கு வழி திறக்கப்பட்டபோதும், வெளியேற்றத்துக்கான தடை அப்படியே நீடிக்கிறது. சொந்த விருப்பக் கடிதத்தைப் பள்ளிகள் வற்புறுத்திக் கேட்பதற்கு இந்தத் தடையே காரணம்.

அடுத்து, அந்த 68 என்ற எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் (ஐ.க்யூ. சுமார் 70-க்குக் கீழ் இருந்தால் அறிவுத்திறன் குறைபாடாக இருக்கலாம் எனக் கருதுவது வழக்கம்); உங்கள் வழக்கின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. நம் நாட்டில் குழந்தைகளுக்குப் பரவலாகப் பயன்படுத்தப்படும் மாலின் அளவுகோல் போன்ற நுண்ணறிவுத் தேர்வுகளில், பொது அறிவு, சொல்வளம் என மொழியைச் சார்ந்த பகுதிகளும், கட்டைகளையும் படங்களையும் கொண்டு செய்து காட்டும் பகுதிகளும் தனித்தனியே உண்டு. வீட்டிலும் முதல் இரண்டு வகுப்புகளிலும் தமிழிலேயே வளர்ந்த பிள்ளையிடம் மொழிப் பகுதியை ஆங்கிலத்தில் நடத்தினால், கிடைக்கும் மதிப்பெண் அவனுடைய ஆங்கிலப் பழக்கத்தைக் காட்டுமே தவிர, அறிவுத்திறனைக் காட்டாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து அறிவு வளர்ச்சி குன்றியோர் வகுப்புகளுக்கு அனுப்பியது குறித்து வழக்குத் தொடரப்பட்டு, 1970-ஆம் ஆண்டிலேயே, தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாட்டில் முடிந்தது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது; அதிலுள்ள நியாயம் உங்கள் மகனுக்கும் பொருந்தும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

நம் சட்டமும் எண்ணை மட்டும் நம்பச் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் அட்டவணை, அறிவுத்திறன் குறைபாடு என்பதற்கு, அறிவுச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வரம்பு இருப்பதோடு, அன்றாட வாழ்வுக்கான சமூக, நடைமுறைத் திறன்களிலும் அத்தகைய வரம்பு இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கி வரும் பிள்ளையைப் பற்றி, இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே முடிவு எழுதியிருக்கிறார்கள். எழுத்துகள் இடம் மாறுவது, அதே அட்டவணையில் தனியாக இடம்பெற்றுள்ள ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடாகவும்’ (படிப்பது, எழுதுவது போன்றவற்றில் மட்டும் வரும் சிரமம்) இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் தகுதி பெற்ற மருத்துவ உளவியலாளர். இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம், 1992-இன்படி, மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய அக்குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

ஆகவே, பள்ளி முதல்வருக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். எந்தத் தேர்வு, எந்த மொழியில், யாரால் நடத்தப்பட்டது, அவருடைய குழுமப் பதிவு எண் என்ன, பெற்றோரின் ஒப்புதல் ஏன் பெறப்படவில்லை என்று கேட்டு, அறிக்கையின் நகலையும் கோருங்கள். இதற்கிடையே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலத் துறையில் தமிழிலேயே மறுமதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். முட்டுக்காட்டிலுள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தையும் அணுகலாம்.

அந்த மதிப்பீட்டிலும் குறைபாடு இருப்பதாகவே முடிவு வந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும். அப்போதும் அவனை வெளியேற்ற முடியாது. பள்ளியின் கடமை கூடும். 2016 சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்பதோடு, கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கண்டறிவது கற்பிப்பதற்காகவே. 17-ஆவது பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. குறைபாடு நாற்பது விழுக்காடாவது இருப்பதாகச் சான்றிதழ் இருந்தால்தான் வசதி தருவோம் என்று பள்ளி சொல்லுமானால், எழுதுவதில் குறைபாடுள்ள நீட் தேர்வர் ஒருவரின் அவ்னி பிரகாஷ் வழக்கில் 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். பள்ளி சிறுபான்மையினர் நடத்துவதாக இருந்தால், 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பால் கல்வி உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. அப்போது இந்த 2016 சட்டத்தையே முதன்மையாகக் கொள்ள வேண்டும். சிறப்புப் பள்ளியில் சேர்ப்பது உங்கள் விருப்பமாக இருக்கலாமே தவிர, பள்ளியின் கட்டளையாக இருக்க முடியாது.

ஆசிரியர் மற்ற பெற்றோர் முன்பு பேசியது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. குழந்தையை மனரீதியாகத் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. 2025 ஜூலையில் சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் இருக்க வேண்டும் என்பதோடு, மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடின்றி அணுக ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் கூறுகின்றன. பேச்சைக் கேட்ட பெற்றோரில் ஒருவராவது எழுதிக் கையெழுத்திட்டுத் தர முன்வந்தால் பெரும் பலம்.

பள்ளி பதில் தராவிட்டால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும், மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடமும் புகார் அளியுங்கள். ஆணையருக்கு ஆவணங்களை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு என்பதால், மறுக்கப்பட்ட அறிக்கை அங்கே வெளிவரும். ஆணையர் அளிப்பது பரிந்துரையே என்பதால், பள்ளி அதையும் மதிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். 2016 சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறை ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு.

அதுவரை மகனை வழக்கம்போல் பள்ளிக்கு அனுப்புங்கள். கட்டணத்தை வங்கி வழியாகவே செலுத்தி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். நீண்ட நாள் வரவில்லை என்று பெயரை நீக்க இடம் தரக் கூடாது. வழக்கறிஞர் செலவுக்கு அஞ்ச வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.