முதல்முறை ரேஞ்சுக்குப் போகிறவருக்கு

கேள்வி: உரிமம் பெற்று பிஸ்டல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அடுத்த வாரம் என்னையும் சுடும் பயிற்சிக்கு அழைத்திருக்கிறார். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. தெரியாமல் எதையாவது செய்து திட்டு வாங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இரண்டு மூன்று தடவை போய்வந்தால், தற்காப்புக்கு ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கை பழகிவிடுமா?

பதில்: குறி தவறினால் ரேஞ்சில் யாரும் திட்டமாட்டார்கள். பத்துத் தோட்டாவும் தாளைத் தொடாமல் போனாலும் பக்கத்தில் நிற்பவர் தன் வேலையைத்தான் பார்ப்பார். ஆனால் குழல்முனை ஒரு கணம் பக்கவாட்டில் திரும்பினால் போதும், அத்தனை பேரும் சத்தம் போடுவார்கள். போடத்தான் வேண்டும்.

வேண்டுமென்று யாரும் முனையைத் திருப்புவதில்லை. நன்றாகச் சுட்டுவிட்ட குஷியில் நண்பர் பக்கம் திரும்புவார்கள்; உடம்போடு கையும், கையோடு துப்பாக்கியும் திரும்பிவிடும். என்னிடம் பயின்ற ஒருவர் கழுத்து அகன்ற சட்டையில் வந்திருந்தார். பிஸ்டலிலிருந்து தெறித்த காலிக் கூடு, கொதிக்கக் கொதிக்க சட்டைக்குள் விழுந்துவிட்டது. துள்ளிக் குதித்து இடது கையால் சட்டையை உதறினார். வலது கையிலிருந்த பிஸ்டல் அரைவட்டம் அடித்தது. நல்லவேளை, மணிக்கட்டைப் பிடிக்கும் தூரத்தில் நான் நின்றிருந்தேன். கழுத்துவரை மூடிய சட்டை போட்டு வாருங்கள். அப்படியும் உள்ளே விழுந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, துப்பாக்கியை மேசையில் வைத்த பிறகு உதறுங்கள். கொப்புளம் ஆறிவிடும். கை நழுவித் துப்பாக்கி கீழே விழுந்தாலும் விழட்டும். பாய்ந்து பிடிக்கப் போனால் விரல் நேராக ட்ரிகரில்தான் போய் மாட்டும்.

இலக்கைக் குறிபார்க்கும் வரை ஆள்காட்டி விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே நீட்டியபடி இருக்கட்டும். பிஸ்டலின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் பாகம்தான் ஸ்லைடு. இடது கைக் கட்டைவிரலை அதற்குப் பின்னால் வைக்காதீர்கள். ஸ்லைடு பின்னால் வரும் வேகத்தில் தோலைக் கிழித்துவிடும். முதல் சில தடவை மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) ஒரே ஒரு தோட்டா போடச் சொல்லுங்கள். உதைப்பில் கை அதிர்ந்து, தன்னையறியாமல் இரண்டாவதாகவும் சுட்டுவிடுபவர்கள் உண்டு.

எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும் என்பது அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளில் முதலாவது. பழகியவர்களே சறுக்கும் இடம் இதுதான். தோட்டாவை எடுக்கிறேன் என்று முதலில் ஸ்லைடை இழுப்பார்கள். உள்ளிருந்த தோட்டா வெளியே வந்துவிடும். ஸ்லைடை விட்டதும் மேகசினிலிருந்து அடுத்தது சத்தமில்லாமல் ஏறி உட்காரும். அப்புறம் மேகசினை உருவிவிட்டு ‘காலி’ என்பார்கள்! முதலில் மேகசின், பிறகுதான் ஸ்லைடு. கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பாருங்கள்.

ட்ரிகரை அழுத்தியும் வெறும் ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் உடனே திறந்து பார்க்காதீர்கள். வெடிமருந்து தாமதமாகப் பற்றலாம். முனையை இலக்கின் பக்கமே வைத்தபடி 30 வினாடி எண்ணுங்கள். அதைவிட மோசமானது வழக்கத்தைவிடச் சன்னமாக ‘புஸ்’ என்று கேட்பது. தோட்டா குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். முனையைத் திருப்பாமல் ரேஞ்சைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரியைக் கூப்பிடுங்கள். அதைச் சரிசெய்வது அவர் வேலை.

‘சீஸ் ஃபயர்’ என்று யார் கத்தினாலும், அதிகாரிதான் சொல்ல வேண்டும் என்று பார்க்காமல் நிறுத்திவிடுங்கள். தோட்டாவை எடுத்து, ஸ்லைடைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வாருங்கள். இலக்கைப் பார்க்க ஆட்கள் முன்னே போயிருக்கும்போது, துடைப்பதற்குக்கூடத் துப்பாக்கியைத் தொடக் கூடாது.

வெடிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். உள் அரங்கு என்றால் காதுக்குள் அடைப்பான், மேலே இயர்மஃப் இரண்டும் வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். கையில் ஈயத்தூசி ஒட்டியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

சரி, தற்காப்பு. இரண்டு மூன்று தடவையில் பழகாது. ரேஞ்சில் வெளிச்சம் உண்டு, அசையாத தாள் உண்டு, மூச்சு வாங்க நேரம் உண்டு. நடுராத்திரித் தூக்கக் கலக்கத்தில் இந்த மூன்றுமே கிடையாது. மெல்லிய தடுப்புச் சுவர்களை 9 மி.மீ. தோட்டா எளிதாகத் துளைத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள்? குழந்தைக்கு எட்டாமல் பூட்டி வைத்தால் அவசரத்துக்கு எடுக்க முடியுமா? எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்பதற்கு முன் இந்த இரண்டுக்கும் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். உங்கள் சட்டம் எப்போது சுட அனுமதிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கை பழகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் நடுவே ஒரு டம்மி தோட்டாவைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது வரும்போது வெடிக்காது, ‘டிக்’ மட்டும்தான். அந்த நொடியில் முனை சடாரென்று கீழே இறங்கினால், உதைப்புக்குப் பயந்து முன்கூட்டியே கையை அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். என் முனையும் முதல் மாதம் முழுக்க அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தது.