எங்கள் நெட்வொர்க்கில் இருக்கும் கணினிக்கு, இயந்திரத்தை விற்ற வெண்டார் நிறுவனம் அட்மின் உரிமை (மென்பொருள் நிறுவவும் அமைப்புகளை மாற்றவும் முழு அதிகாரம்) தர மறுக்கிறது. என்ன செய்யலாம்?

நீங்கள் மருத்துவமனையில் வேலை செய்கிறீர்களா, தொழிற்சாலையிலா என்று கேள்வியில் இல்லை. நான் கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.டி. பிரிவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் சி.டி. ஸ்கேன் கணினியை வைத்தே பதில் சொல்கிறேன். உங்கள் இடம் வேறாக இருந்தாலும் சிக்கல் இதேதான்.

அவர்களுடைய அட்மின் கடவுச்சொல்லைக் கேட்டு மல்லுக்கட்டாதீர்கள். உங்களுக்கென்று ஒரு தனிக் கணக்கைக் கேளுங்கள். ஒரே கடவுச்சொல்லை இரு தரப்பும் வைத்திருந்தால், நாளை ஏதாவது நடக்கும்போது யார் செய்தது என்பதைப் பதிவுகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சி.டி. கணினியின் அட்மின் கடவுச்சொல் அப்போது விசைப்பலகையின் அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. ஏதோ ஒரு சர்வீஸ் இன்ஜினீயர் தன் வசதிக்காக ஒட்டிவிட்டுப் போனது. எல்லாக் கணினிகளிலும் ஆன்டிவைரஸ் இருக்க வேண்டும் என்று நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, அந்தச் சீட்டைப் பார்த்து நானே உள்ளே நுழைந்து அதை நிறுவினேன். வெண்டாரிடம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, தலையில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஸ்கேன் எடுத்து முடித்தும் படங்கள் மருத்துவரின் திரைக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு படமும் வட்டில் எழுதப்பட்ட கையோடு ஆன்டிவைரஸ் அதைப் பிடித்துவைத்துச் சோதித்துக்கொண்டிருந்தது. மருத்துவர் மாடியிலிருந்து ஓடிவந்து, ஸ்கேன் அறைக் கணினியிலேயே குனிந்து நின்று படங்களைப் பார்த்தார். அந்த இருபது நிமிடங்களை நான் இன்னும் மறக்கவில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டார்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2016-இல் அமெரிக்காவில் இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தபோது, மெர்ஜ் ஹீமோ என்ற கருவியின் கணினித் திரை கறுத்துப்போனது. ஆன்டிவைரஸ் ஒவ்வொரு மணி நேரமும் சோதனை செய்யும்படி வைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நோயாளியை வைத்துக்கொண்டு சுமார் ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். ஆகவே, ‘நீங்கள் கைவைத்தால் இயந்திரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று வெண்டார் சொல்வதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு கணினியை ஆண்டுக்கணக்கில் பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தம்) போடாமல் விடுவதை ஏற்கவே கூடாது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸின் தாக்குதல் நடந்தது 2017 மே 12. அதைத் தடுக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. இடையில் இரண்டு மாதம் இருந்தும், பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் 1,220 பரிசோதனைக் கருவிகள் அந்த வைரஸுக்கு ஆளாயின. ‘மருத்துவக் கருவி என்பதால் பேட்ச் போடுவதற்கு அரசு அனுமதி வேண்டும்’ என்று எங்கள் வெண்டாரின் விற்பனை மேலாளர் பலமுறை சொன்னார். அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்போ, பாதுகாப்புக்காக மட்டும் செய்யும் மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தன் முன் அனுமதி தேவையில்லை என்று நீண்ட காலமாகவே சொல்லிவருகிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் முன் வைத்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

இன்னொன்றையும் வைத்தேன். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் புகார் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் நடந்தால் முதலில் கேள்வி எங்களைத்தான் கேட்பார்கள். பதிவுகளோ வெண்டார் பூட்டிவைத்த கணினிக்குள் இருக்கின்றன. ‘அந்த 6 மணி நேரத்தில் உங்களில் யார் தொலைபேசியை எடுப்பார்கள்? பெயரை எழுதிக் கொடுங்கள்’ என்றேன். யாரும் எழுதித் தரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர்களின் தலைமை இன்ஜினீயர் நேரில் வந்தார்.

கடைசியில் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான். கணினிக்குள் இருக்கும் மென்பொருள் அவர்கள் பொறுப்பு. நாங்கள் எதையும் நிறுவுவதில்லை. எங்களுக்குப் பதிவுகளைப் படிக்கவும், நெட்வொர்க் அமைப்பை மாற்றவும், அணைத்து இயக்கவும் மட்டும் உரிமையுள்ள கணக்கு ஒன்று. முழு அட்மின் கடவுச்சொல் ஒட்டிய உறையில் மருத்துவக் கண்காணிப்பாளரின் பெட்டகத்தில் இருக்கிறது. உறையைப் பிரித்தால் அன்றே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் மறுநாளைக்குள் அதை மாற்றிப் புது உறை தர வேண்டும். இதுவரை ஒரே ஒரு முறைதான் பிரித்திருக்கிறோம்.

உள்ளே அவர்கள் ராஜ்யம் என்றால், வாசல் எங்களுடையது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முன்பு அவர்களின் ரிமோட் மென்பொருள் இரவு பகலாக இயங்கிக்கொண்டே இருந்தது. யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளுக்குள் திருடர்கள் நுழைந்தது, குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்த நிறுவனத்தின் உள்நுழைவு விவரங்களைத் திருடித்தான். சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் போயின. இப்போது எங்களிடம் வெண்டார் வெளியிலிருந்து உள்ளே வரும் விபிஎன் வழி எப்போதும் மூடியே இருக்கும். இன்ஜினீயர் அழைத்துத் தன் பெயரையும் வேலையையும் சொன்னால், அவருடைய சொந்தக் கணக்குக்கு மட்டும் இரண்டு மணி நேரம் திறப்போம். ஸ்கேன் கணினிக்குத் தனி வி-லேன், அதாவது மற்றக் கணினிகளிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதி, போட்டிருக்கிறோம். அங்கிருந்து படச் சேமிப்பு சர்வருக்கு மருத்துவப் படங்களை அனுப்பும் டைகாம் முறைக்கான போர்ட் 104 வழியாக மட்டும் போகலாம். கோப்புப் பகிர்வுக்கான போர்ட் 445, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 இரண்டும் ஃபயர்வாலில் அடைபட்டிருக்கின்றன. இதற்கு வெண்டாரின் அனுமதியே தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களோடு பேச்சு இழுத்துக்கொண்டிருந்தாலும் நாளைக் காலையே நீங்கள் இதைத் தொடங்கலாம். எந்தெந்த முகவரிகளோடு கணினி பேசுகிறது என்று ஒரு வாரம் கவனித்து எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பிறகு அடையுங்கள்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். இயந்திரம் வாங்கும் முன், அல்லது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் பேசுங்கள். நடுவில் பேசினால் ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்’ என்ற பதில்தான் கிடைக்கும். புதுக் கருவி என்றால் தயாரிப்பாளரின் எம்.டி.எஸ்.2 படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கருவியின் பாதுகாப்பு வசதிகளை அவர்களே எழுதித் தருவது அது. மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவின் தலைவரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள். ஐ.டி. ஆள் தனியாகப் போனால் எங்கும் எடுபடுவதில்லை.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. எங்கள் பழைய எக்ஸ்ரே கணினி இன்னும் விண்டோஸ் 7-இல்தான் ஓடுகிறது. 2020 ஜனவரியோடு அதற்கான ஆதரவு முடிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாற்ற வெண்டார் கேட்கும் தொகைக்குக் கிட்டத்தட்டப் புது இயந்திரமே வாங்கிவிடலாம். அதற்கு இணையமே கிடையாது, ரிமோட்டும் கிடையாது. பழுது என்றால் இன்ஜினீயர் நேரில் வர வேண்டும். அவர் கொண்டுவரும் பென்டிரைவை முதலில் எங்கள் மேசையில் சோதித்த பிறகுதான் அறைக்குள் விடுகிறோம்.