டெல்லிக்கு வந்த அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள்

கேள்வி: திருச்சியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் பதவி உயர்வு கொடுத்து டெல்லிக்கு மாற்றினார்கள். கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர்; ஸ்ரீரங்கம் வீட்டிலேயே இருக்கிறார். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளையும் 66 வயதான என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு துவாரகாவில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். நாலு மாதம் ஆகியும் பாதிப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. கொலு பொம்மைப் பெட்டியைக்கூட இந்த வருடம் திறக்கவில்லை. ரெண்டு மூணு வருஷம்தானே என்று தள்ளிப்போடுகிறேன். மகள் தினமும் "எப்பம்மா ஊருக்குப் போவோம்?" என்கிறாள். அம்மா கீழே இறங்குவதே இல்லை. பாஷை தெரியாத இடத்தில் அவங்களைச் சிரமப்படுத்த வேண்டாமென்று காய்கறி முதல் மாத்திரை வரை எல்லாவற்றையும் ஆப்பில் நானே வரவழைத்துவிடுகிறேன். எதிர் வீட்டுக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். ராத்திரி கணவரிடம் வீடியோ காலில் பேசி வைத்ததும் அழுகை வந்துவிடுகிறது. அம்மாவையும் மகளையும் திருச்சிக்கே அனுப்பிவிடலாமா? இல்லை, பதவி உயர்வே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு நானும் திரும்பிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, புது டெல்லி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இரண்டில் எதையும் இப்போது செய்ய வேண்டாம். ஒரு குளிர்காலம் முடியும்வரை முடிவைத் தள்ளி வையுங்கள். நீங்கள் போய் இறங்கியது ஜூன் மாதம். டெல்லியில் நாற்பத்தைந்து டிகிரியைத் தொடும் நாட்கள் அவை. லூ என்று அங்கே சொல்லும் அனல்காற்றையும், அதற்குப் பின்னால் வந்த ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தையும்தான் இதுவரை பார்த்திருக்கிறீர்கள். நானும் அந்த ஊரில் பல வருடங்கள் குடியிருந்தவள். ஊர் தன் நல்ல முகத்தைக் காட்டுவது இனிமேல்தான் என்று தைரியமாகச் சொல்வேன்.

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். என்னை உறுத்தியது அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டு வரிகள். உங்களுக்கு அலுவலகம் இருக்கிறது. மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பிடிக்கிறதோ இல்லையோ, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் பகல் கழிகிறது. அம்மாவுக்கு என்ன இருக்கிறது? ஸ்ரீரங்கத்தில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. காலையில் வாசல் தெளித்துக் கோலம், கீரைக்காரம்மாவோடு பேரம், சாயங்காலம் தாயார் சன்னதி வரை ஒரு நடை, வழியில் நின்று நாலு பேரோடு பேச்சு. ஒரு நாளில் பத்துப் பேர் அவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிட்டிருப்பார்கள். இப்போது காலை எட்டரைக்கு நீங்கள் இருவரும் கிளம்பிய பிறகு, மணி அடித்துப் பையை நீட்டிவிட்டுப் போகும் டெலிவரி பையனைத் தவிர அவர் யாரையும் பார்ப்பதில்லை. சிரமப்படுத்தக் கூடாது என்ற பாசத்தில் அவர் கையிலிருந்த வேலை எல்லாவற்றையும் நீங்கள் வாங்கிக்கொண்டுவிட்டீர்கள். சாயங்காலம் நீங்கள் வீடு திரும்பும்போது கதவைத் திறப்பவரின் முகம் வாடியிருந்தால், அது உங்களுக்கு எப்படி வீடாகத் தோன்றும்? பேத்திக்கு எப்படித் தோன்றும்?

அதனால் முதல் காரியமாகக் காய்கறியை ஆப்பில் வாங்குவதை நிறுத்துங்கள். மாத்திரை அப்படியே வரட்டும். காய்கறியும் பாலும் அம்மாவின் பொறுப்பு. உங்கள் சொசைட்டி கேட்டுக்கு வெளியே காலையில் தள்ளுவண்டிக்காரர் கட்டாயம் நிற்பார். முதல் வாரம் சனி, ஞாயிறு நீங்கள் கூடப் போங்கள். பேச வேண்டியதை அம்மாவே பேசட்டும். கித்னா, ஆதா கிலோ, பாவ், பஸ். இந்த நாலு வார்த்தை போதும். கித்னா என்றால் எவ்வளவு, ஆதா என்றால் அரை, பாவ் என்றால் கால் கிலோ, பஸ் என்றால் போதும். சுரைக்காய்க்கு லௌகி, பீர்க்கங்காய்க்கு தோரி, கத்தரிக்காய்க்கு பேங்கன் என்பதெல்லாம் விரலால் காட்டிக் காட்டியே பத்து நாளில் வந்துவிடும். வாடிக்கையாக வாங்குபவர்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் காசில்லாமல் அள்ளிப் போடுவார்கள். அதை அவர் கேட்டு வாங்கும் நாளில் அம்மாவின் குரல் மாறியிருப்பதை நீங்களே கேட்பீர்கள். வயதான பெண்களை அங்கே எல்லாரும் "மாதாஜி" என்றுதான் அழைப்பார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்துப்போகும்.

டெல்லியில் பேட்டைக்குப் பேட்டை வாரச்சந்தை உண்டு. புதன்கிழமை கூடினால் புத் பஜார், செவ்வாய்க்கிழமை என்றால் மங்கள் பஜார், எந்தக் கிழமையோ அந்தப் பெயர். உங்கள் செக்டருக்கு எது என்று காவலாளியிடம் கேளுங்கள். மாலையில் விளக்குப் போட்டுக் கடை பரப்புவார்கள். தரையில் குவித்த காய்கறி, எவர்சில்வர் பாத்திரம், ஸ்வெட்டர், வளையல் எல்லாம் கிடைக்கும். மூன்று பேரும் ஒன்றாகப் போங்கள். மகளுக்கும் இது நல்லது. ஹிந்திப் பாடப்புத்தகத்தில் முட்டி மோதுகிற பிள்ளைக்கு, சந்தையில் பேரம் பேசும்போது அந்த பாஷையின் மேலிருக்கும் பயம் விட்டுப்போகும்.

அடுத்து, வரப்போகும் குளிர். திருச்சிக்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அங்கே வீடுகளுக்குள் சூடேற்றும் வசதி கிடையாது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வெளியே இருக்கும் குளிர் அப்படியே சுவருக்குள்ளும் இருக்கும். நவம்பருக்குள் ஆளுக்கொரு ரஜாய் வாங்கிவிடுங்கள். பஞ்சு அடைத்த கனமான ரஜாய்தான் நல்லது, நம் ஊர் போர்வை இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் அதற்கு ஈடாகாது. அம்மாவுக்குக் கம்பளிக் காலுறையும், வீட்டுக்குள் போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பும் அவசியம். தரை பனிக்கட்டிபோல இருக்கும். கீசர் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும், பயப்பட ஒன்றுமில்லை. இட்லி மாவு ஒரே இரவில் புளிக்காது. அரைத்த பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, மூடிய அலமாரியிலோ, ஓவன் இருந்தால் அதற்குள் விளக்கை மட்டும் போட்டோ வையுங்கள். அப்போதும் பதினைந்து, பதினாறு மணி நேரம் ஆகும். தயிருக்கும் இதே வைத்தியம்தான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குளிர்காயக் கூடாது. அந்தப் புகையில் வாசனையே தெரியாத விஷவாயு உண்டு. அதனால் வருடா வருடம் உயிர் போகிறது. எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் வாங்குங்கள்.

குளிருக்கு முன்னால் புகை வரும். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுவதும் காற்று அசையாமல் நின்றுவிடும். வாகனப்புகை, தூசி, பட்டாசு, பக்கத்து மாநில வயல்களில் கொளுத்தும் வைக்கோல் தாள் எல்லாம் சேர்ந்து வானமே மங்கிவிடும். அந்த நாட்களில் அம்மா விடியற்காலையில் நடக்கப் போக வேண்டாம், வெயில் ஏறிய பிறகு போகட்டும். என்95 முகக்கவசம் மூவருக்கும் வேண்டும். பள்ளிகளைச் சில நாள் மூடி ஆன்லைனில் வகுப்பு நடத்துவதும் உண்டு, திடுக்கிடாதீர்கள். அம்மாவுக்கு இழுப்போ இருமலோ இருந்தால் முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். துவாரகாவிலேயே மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் மருத்துவ மையம் இருக்கிறது. உங்கள் அட்டையை திருச்சியிலிருந்து அங்கே மாற்றியாகிவிட்டதா, அம்மா பெயர் அதில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். வாடகை ஒப்பந்தம், ஆதார் முகவரி, கேஸ் இணைப்பு ஆகியவற்றை ஒரு நாள் விடுப்புப் போட்டு முடித்துவிடுங்கள். முகவரி பழையதாகவே இருக்கும்வரை மனமும் அங்கேயேதான் நிற்கும்.

புகை விலகி ஜனவரி நடுவில் வெயில் வரத் தொடங்கும்போது டெல்லியில் ஒரு காட்சியைப் பார்ப்பீர்கள். மத்தியான வேளையில் பூங்காவிலும் மொட்டைமாடியிலும் பெண்கள் வெயில் காய உட்கார்ந்திருப்பார்கள். கையில் பச்சைப்பட்டாணி உரித்துக்கொண்டும், கம்பளி பின்னிக்கொண்டும், வேர்க்கடலை கொறித்துக்கொண்டும் மணிக்கணக்காக இருப்பார்கள். அங்கே போய் உட்கார ஹிந்தி தேவையில்லை. பட்டாணிக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உரிக்க ஆரம்பிக்கும் மாதாஜியை எந்தப் பஞ்சாபி அம்மாவும் எழுந்து போகச் சொல்லமாட்டார். உங்கள் அம்மாவுக்குத் தோழிகள் அந்த வெயிலில்தான் கிடைப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எதிர் வீட்டுக்காரர்களுக்கு வருகிறேன். டெல்லிக்காரர்கள் முதல் பார்வையில் சிரிக்கமாட்டார்கள்; அதைப் பகையென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தீபாவளி உங்களுக்குக் கைகொடுக்கும். நமக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால்தான் தீபாவளி. அவர்களுக்கு அமாவாசை மாலையில் லட்சுமி பூஜை. அன்று வீட்டுக்கு வீடு இனிப்பு போகும், வரும். சில வருடங்களில் இரண்டும் ஒரே நாளில் வரும், சில வருடங்களில் அவர்களுடையது மறுநாள். எதுவானாலும் அந்த மாலையில் அம்மா சுட்ட முறுக்கையும் அதிரசத்தையும் தட்டில் வைத்து, அம்மாவையும் மகளையும் முன்னே விட்டு மணியை அடியுங்கள். காலித் தட்டைத் திருப்பித் தரும் வழக்கம் அங்கேயும் இல்லை. தட்டு திரும்பி வரும்போது பேச்சும் வந்துவிடும்.

தமிழ்க் குரல் கேட்க வேண்டுமென்று ஏங்கும் நாளில் ஆர்.கே.புரம் போங்கள். செக்டார் 7இல் மலை மந்திர் என்று எல்லாரும் சொல்லும் உத்தர சுவாமிமலை முருகன் கோயில். செக்டார் 5இல் 1946இல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கம், அங்கே நூலகமும் உண்டு. சின்ன வெங்காயமும் வாழைக்காயும் முருங்கைக்காயும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும். மகளின் பள்ளி அவளுக்கு ஒத்தே வரவில்லை என்றால், அடுத்த ஏப்ரலில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் இடம் கேட்கலாம். நகரில் பல இடங்களில் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கம் ஜனக்புரி. அங்கே தமிழும் பாடமாக உண்டு. ஆனால் வாரம் தவறாமல் ஆர்.கே.புரம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மாதம் ஒரு முறை போதும். மற்ற ஞாயிறுகள் துவாரகாவுக்கு.

மகள் தினமும் கேட்கும் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று எழுதவில்லை. "போலாம்டா, சீக்கிரம்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தச் சீக்கிரத்தை நம்பித் தினமும் காத்திருக்கிறாள். வகுப்பில் யாரோடும் ஒட்டவும் மாட்டாள். "எட்டாம் வகுப்பு முடியும்வரை இங்கேதான், அதுக்கப்புறம் அப்பாவும் நாமும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம்" என்று ஒரே தடவை தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு நாள் அழுவாள். பிறகு தனக்கென்று ஒரு மூலையை ஒழுங்குபடுத்த ஆரம்பிப்பாள். பெட்டிகளில் முதலில் அவளுடையதைப் பிரியுங்கள். கொலுப் பெட்டியை அடுத்த நவராத்திரிக்கு விடுங்கள், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இப்போது வேலை விஷயம். பதவி உயர்வை மறுப்பவர்களுக்கு ஓராண்டு வரை மறு வாய்ப்பு தரமாட்டார்கள். இடையில் உயர்வு பெறும் இளையவர்கள் சீனியாரிட்டியில் முந்திவிடுவார்கள். நீங்களோ ஏற்றுச் சேர்ந்தும்விட்டீர்கள். இந்த நிலையில் அழுகை வந்த ஒரு ராத்திரியில் விண்ணப்பம் எழுதக் கூடாது. உங்களுக்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. கணவன், மனைவி இருவரையும் இயன்றவரை ஒரே ஊரில் வைக்க வேண்டுமென்று மத்திய அரசின் பணியாளர் துறை 2009 செப்டம்பரில் வழிகாட்டு உத்தரவு போட்டிருக்கிறது. ஒருவர் மத்திய அரசிலும் மற்றவர் மாநில அரசிலும் இருந்தாலும் அது பொருந்தும். கேட்டதும் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம், காலியிடம் இருக்க வேண்டும். ஆனாலும் உயர்ந்த பதவியோடு தமிழ்நாட்டுக்குத் திரும்ப அதுதான் வாசல். மார்ச் மாதம் நிதானமாக உட்கார்ந்து எழுதுங்கள். அதற்குள் எழுத வேண்டாமென்றே தோன்றிவிட்டாலும் நல்லதுதான்.

கணவரோடு ராத்திரி பேசுவதைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவும் மகளும் கூட இருக்கட்டும். பேசி வைத்த கையோடு படுக்கைக்குப் போனால் அழுகைதான் வரும். தோசை வார்க்க வேண்டியிருந்தால் அடுப்படிக்குப் போவீர்கள்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு, டிசம்பர் கடைசி வாரத்தில், அவரை டெல்லிக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் மூவரும் வாழும் வீட்டை அவர் வந்து பார்க்க வேண்டும். எதிர் வீட்டாருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டும். டெல்லிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியில் வரும். அவர் திரும்பும்போது மகளை அழைத்துப் போகட்டும். அம்மாவும் போகிறாரா என்று அம்மாவிடமே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கடுங்குளிர் பெரும்பாலும் அந்த இரண்டு வாரம்தான். பொங்கல் கழித்துத் திரும்பி வந்தால் வெயில் காயச் சரியாக இருக்கும். ரயிலில் முன்பதிவு இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திருச்சி வழியாக டெல்லி வரும் வண்டிகள் குறைவு. அக்டோபர் கடைசியில் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். அந்த மாதங்களில் மூடுபனியால் வடக்கே வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும். கணவரின் பள்ளி திறப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவே ஊர் சேரும்படி திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள்.